சதயத்துக்கு வயது உண்டா?

தஞ்சைப் பெரிய கோயிலில் ஐப்பசிதோறும் ராஜராஜ சோழனுக்குச் சதய விழா நடக்கிறது. 2022இல் தமிழக அரசு அதை அரசு விழாவாக அறிவித்தபின் ஆரவாரம் கூடியது. கூடவே ஒரு பிழையும் அரசாங்க முத்திரை பெற்றுவிட்டது. 2024இல் நடந்தது '1039ஆவது சதய விழா'. மேடையிலும் சுவரொட்டியிலும் அதுவே '1039ஆவது பிறந்தநாள்' ஆகிவிட்டது. விழா எடுப்பதில் குறையொன்றும் இல்லை. ஐப்பசிச் சதயம் அவன் பிறந்த நட்சத்திரம்தான். திருவாரூர்க் கல்வெட்டு அதையும் அவன் மகன் ராஜேந்திரனின் ஆடித் திருவாதிரையையும் சேர்த்தே சொல்கிறது. அரசன் பிறந்த நாளைப் பெருமங்கலமாகக் கொண்டாடுவது தொல்காப்பியம் அறிந்த மரபு. உறுத்துவது அந்த எண்.

2024இல் 1039 போனால் 985. அது ராஜராஜன் ஆட்சிக்கு வந்த ஆண்டு. அதைப் பிறந்த ஆண்டாகக் கொண்டால் பெரிய கோயிலுக்குக் கலசம் வைத்த 1010இல் அவனுக்கு வயது 25; மகன் ராஜேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டிய 1012இல் தந்தைக்கு வயது 27. இந்தக் கணக்கை ஒரு பள்ளி மாணவனே மறுத்துவிடுவான். சோழர் கல்வெட்டுகள் ஆட்சியாண்டால் காலம் சொல்பவை. அரசன் எந்த நட்சத்திரத்தில் பிறந்தான் என்பதைக் கல்லில் வெட்டினார்கள். எந்த ஆண்டில் பிறந்தான் என்பதை வெட்டவில்லை. ஏன் வெட்டவில்லை என்பதில்தான் 'பிறந்த நட்சத்திரம்' என்ற சொல்லின் பொருளே அடங்கியிருக்கிறது. பிறந்த நட்சத்திரம் வழிபாட்டுக்கு நாள் குறிப்பது, வயதை எண்ணுவதற்கன்று. சந்திரன் ஏறத்தாழ 27 நாளுக்கொருமுறை அதே நட்சத்திரத்துக்குத் திரும்புகிறது. ஒரே மாதத்தில் இருமுறை வருவதும் உண்டு. பெரிய கோயில் கல்வெட்டுகள் ஆண்டுக்குப் பன்னிரண்டு சதயத் திருவிழாக்களுக்கு நிவந்தம் சொல்வது அது மாதந்தோறும் வருவதால்தான். இன்றும் அர்ச்சனைச் சீட்டில் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார்கள், வயதைக் கேட்பதில்லை. பிறந்தநாள் என்று நாம் இப்போது சொல்வதோ ஆண்டை எண்ணும் சொல். எண்ணத் தொடங்க ஓர் ஆண்டு வேண்டும். அது கிடைக்காதபோது பட்டமேறிய ஆண்டை எடுத்துப் பிறப்பின்மேல் ஒட்டிவிட்டோம்.

எண் முடிசூடிய ஆண்டிலிருந்துதான் வருகிறது, இது முடிசூட்டு நினைவும்கூட என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அதுவும் நிற்காது. கல்வெட்டுகளின் கால விவரங்களைக் கொண்டு ஆய்வாளர் கீல்ஹார்ன் கணித்தபடி ராஜராஜனின் ஆட்சி தொடங்கியது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில். ஐப்பசி அதற்கு மாதங்கள் கழித்து வருவது. ஆக, நாள் பிறப்பிலிருந்தும் எண் பட்டத்திலிருந்தும் வந்து, இரண்டுக்கும் முழுதாகப் பொருந்தாத ஒரு தொடரில் கூடிக்கொள்கின்றன. மக்கள் மகிழும் விழாவில் கணக்குப் பார்ப்பானேன் என்று கேட்கலாம். மக்கள் கூடியது சதயத்துக்காக. எண்ணைச் சேர்த்தது அழைப்பிதழ் அச்சிட்டவர்கள். எண் என்பது அலங்காரமன்று, ஒரு வரலாற்றுக் கூற்று. அதை அரசு விழாவில் அச்சிட்டுவிட்டால் அடுத்த தலைமுறை அதையே சான்றாகக் காட்டும்.

வேறு அரசனாக இருந்திருந்தால் இதைப் பொறுத்துப் போகலாம். கோயிலுக்குக் கொடுத்த நகையைக் கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியுமாக நிறுத்து எழுதியவன் இவன். கோயில் பணிக்கு அமர்த்திய தளிச்சேரிப் பெண்டிர் நானூறு பேருக்கும் எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு என்று கல்லில் வெட்டவைத்தவன். அப்படிப்பட்டவனுக்குக் கணக்குத் தவறிய விழா எடுப்பது மரியாதை ஆகாது. 'ஐப்பசிச் சதய விழா' என்று மட்டும் அச்சிட்டால் போதும். எண் இருந்தே தீரவேண்டுமென்றால், 'ஆட்சியேறி இத்தனை ஆண்டு' என்று உள்ளதை உள்ளபடி எழுதட்டும். 'இத்தனையாவது பிறந்தநாள்' என்ற தொடரை அரசு அச்சகம் இனி ஒருமுறைகூட ஏற்றக் கூடாது.