உறழ்ச்சியும் முதலிடமும்: தமிழ்ச் சொற்பரிந்துரையின் வரிசைமுறை குறித்த ஒரு திறனாய்வு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர், ஒரு வட்டத்தின் தலைமையிடம். 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறைக்குப் பின் சட்டமன்றத் தொகுதியின் பெயருமாகும். இவ்வூர்ப்பெயர் தமிழில் ஒரே வடிவில் எழுதப்படுவதில்லை. நிலைமொழியை அடுத்து ஒற்று மிகலாம், மிகாமலும் இருக்கலாம். வருமொழியில் றன்னகரம் வரலாம், டண்ணகரமும் வரலாம். ஆகவே கீழ்பென்னாத்தூர், கீழ்ப்பென்னாத்தூர், கீழ்பெண்ணாத்தூர், கீழ்ப்பெண்ணாத்தூர் என நான்கு வடிவங்கள் பிறக்கின்றன. உரைத்தொகுப்பி ஒன்றில் ‘கீழ்’ என்று தட்டியவுடன் விரியும் பரிந்துரைப் பட்டியலில் இவற்றுள் எது முதலில் நிற்க வேண்டும்? நிரலாளர்க்கு இது மதிப்பெண் கணக்கு. தமிழ் எழுதுவோர்க்கோ இலக்கணத்தோடும் ஆவணத்தோடும் பிணைந்த வினா.

ஒற்றுப் பற்றிய வேறுபாட்டை முதலில் கொள்ளலாம். இதனைப் பிழை என்று ஒதுக்க இயலாது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் புள்ளிமயங்கியல், ‘கீழ்’ என்னும் சொல்லின் முன் வல்லெழுத்து வருமிடத்தை உறழ்ச்சியாக, அதாவது மிகுதலும் மிகாமையும் ஒக்கும் இடமாக, விதிக்கிறது. நன்னூலின் மெய்யீற்றுப் புணரியலும் இவ்விகற்பத்தை ஏற்கிறது. இரண்டு பேரிலக்கணங்களும் திறந்து வைத்த கதவு இது. வழக்கில் ‘கீழ்க்கண்ட’, ‘கீழ்ப்படிதல்’ போன்றவை மிகுந்தே நிலைத்துவிட்டன. ஊர்ப்பெயர்களில் அந்த உறுதி இல்லை. சென்னையின் கீழ்ப்பாக்கம் ஒற்றில்லாமலும் எழுதப்படுவதைப் பெயர்ப்பலகைகளில் காணலாம்.

ன, ண வேறுபாடு இவ்வகையினதன்று. அது புணர்ச்சி விகற்பமாகாது. பெயரின் வரலாற்றைச் சார்ந்தது. ‘பெண்ணை’ என்பது பனைக்கும் ஆற்றுக்கும் வழங்கும் பெயராதலால், டண்ணகரத்தோடு எழுதுவோர் அறிந்தோ அறியாமலோ ஒரு சொற்பிறப்பை உட்கொண்டு எழுதுகின்றனர். அவ்வூகம் சரியாயினும் தவறாயினும், இலக்கண விதி ஒன்றைக் காட்டி அவ்வெழுத்தை நிறுவ முடியாது. பழைய ஆவணமே சான்றாக வேண்டும். ஆக, இந்நான்கு வடிவங்களுக்கு இடையே இரு வேறு வகை வேற்றுமைகள் உள்ளன. எண்ணிக்கையை மட்டும் நோக்கும் வரிசைமுறைக்கு அவை இரண்டும் ஒன்றே.

பொருத்தமும் புள்ளியும்

வரிசைப்படுத்துவதற்கு முன் நிரல் செய்யும் வேலை பொருத்தம் பார்ப்பது. கீழ்பென்னாத்தூர் என்பதில் தமிழ் கற்றவர் எட்டு எழுத்துகளை எண்ணுவார். ஒருங்குறியில் அது 16 குறியீடுகள்: ககரம் ஒன்று, ஈகாரக் குறி ஒன்று, ழகரம் ஒன்று, அதன் புள்ளி ஒன்று எனத் தொடர்கிறது. நிரல் ஒப்பிடுவது குறியீடுகளையே. ஒலிபெயர்ப்பு முறையில் மெய்யை முதலில் தட்டினால் திரையில் ‘க்’ தோன்றும். குறியீட்டளவில் அது ககரமும் புள்ளியும். புள்ளி நின்ற இடத்தில் ஈகாரக் குறி இல்லாததால், முன்னொட்டை அப்படியே ஒப்பிடும் நிரலுக்குக் ‘கீ’ என்று தொடங்கும் சொல் எதுவும் அந்நிலையில் தென்படாது.

எழுத்துகளை இடையில் விட்டுவிட்டுப் பொருத்தும் முறை இன்றைய உரைத்தொகுப்பிகளில் பரவியுள்ளது. நிரல்மொழிப் பெயர்களுக்கு அது மிகவும் உதவும். தமிழில் அது விளைவிக்கும் குழப்பம் நுண்மையானது. எழுதுபவர் ‘கீழ்ப்’ என ஒற்றோடு தட்டிவிட்டார் என்று கொள்க. உறழ்ச்சியில் தம் தேர்வை அவர் அறிவித்துவிட்டார். ஆயினும் ஒற்றில்லாக் கீழ்பென்னாத்தூரும் பட்டியலில் இடம்பெறும் தகுதியைப் பெறுகிறது. ஏனெனில் பகரத்தின் மேலிட்ட புள்ளி, சற்றுத் தள்ளி னகரத்தின் மேலுள்ள புள்ளியோடு பொருந்திவிடுகிறது. எண்ணிக்கைக்கு அளவுமீறிய மதிப்பெண் தரப்பட்டிருப்பின், எழுதுபவர் விலக்கிய வடிவமே முதலிடத்தில் வந்து நிற்கவும் கூடும்.

எண்ணிக்கை என்னும் அளவுகோல்

எந்தச் சொல் மிகுதியாக வழங்குகிறதோ அதனை மேலே வை என்பது எளிய விதி. பல சொற்களுக்கு நல்ல விதியும்கூட. தமிழில் அதன் முதல் இடர் சொல்வடிவங்களின் பெருக்கம். ‘வீடு’ என்னும் பெயர் வீட்டை, வீட்டுக்கு, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டிலிருந்தும் எனப் பிரிந்து நிற்க, அதன் வழக்கு மிகுதியும் வடிவந்தோறும் சிதறிவிடுகிறது. மேலும் ‘வீடு’ என்று தட்டியவர்க்கு ‘வீட்டை’ முன்னொட்டுப் பொருத்தத்தில் கிட்டாது. திரிபில்லாத இடைச்சொற்களுக்கு இச்சிதறல் இல்லை. ‘மற்றும்’ என்பதை எண்ணிப்பார்க்கலாம். உம்மை ஏற்று முடிய வேண்டிய பெயர்களின் நடுவே அலுவலகத் தமிழ் இச்சொல்லைப் பெய்து வருகிறது. உம்மையோ எண்ணற்ற பெயர்களின் ஈற்றில் ஒளிந்திருப்பதால் தனிச்சொல்லாக எண்ணப்படுவதில்லை. ஆகவே எண்ணிக்கைப் பட்டியலில் ‘மற்றும்’ உயர்ந்து நிற்பது அதன் சிறப்பினால் அன்று, எண்ணும் முறையினால்.

இரண்டாம் இடர் ஒற்று. ‘கீழ்பென்னாத்தூரைச் சேர்ந்த’ என்ற தொடரில் ஐகாரத்தை அடுத்த சகர ஒற்று, இன்னும் தட்டப்படாத ‘சேர்ந்த’ என்னும் சொல்லால் வருவது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே வரிசைப்படுத்தும் நிரல் இதனை அறியவே முடியாது. வேர்ச்சொல்லை முதலிலும் உருபை அடுத்தும் ஒற்றை வருமொழி தெரிந்த பின்னும் தருகின்ற படிநிலை வரிசையே தமிழின் அமைப்புக்கு ஏற்றது. மனுக்களில் மீண்டும் மீண்டும் வரும் இத்தகைய தொடரை ஒரே பரிந்துரையாகத் தருவதும் தகும்.

மூன்றாவது, சுழற்சி. முதலில் நிற்பது தேர்ந்தெடுக்கப்படுகிறது; தேர்ந்தெடுக்கப்பட்டது மீண்டும் எண்ணிக்கையில் சேர்கிறது. தொடக்கத்தில் இருந்த சிறு வேறுபாடு நாளடைவில் பெருகும். இலக்கணம் ஒத்த நிலையில் வைத்த இரண்டனுள் ஒன்று, எவரும் முடிவெடுக்காமலே, வழக்கிழந்து போகலாம்.

சொற்களை எவ்வரிசையில் நிறுத்துவது என்பது தமிழுக்குப் புதிய வினாவன்று. திவாகரம் பொருள்வகையால் நிறுத்தியது. 1594இல் தோன்றிய சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டு முதலெழுத்தால் மட்டும் நிறுத்தியது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) அகரவரிசையை முழுமையாகக் கைக்கொண்டதோடு, தொடைக்கெனத் தனிப்பகுதியும் வகுத்தது. இவ்வரிசைகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: எதற்காக ஒரு சொல் அவ்விடத்தில் நிற்கிறது என்பதைப் படிப்பவர் கண்டுகொள்ள முடியும். பரிந்துரைப் பட்டியல் தன் காரணத்தைக் காட்டுவதில்லை.

அருகமை என்னும் அளவுகோல்

எண்ணிக்கைக்கு மாற்றாக அருகமையை நோக்கும் மரபும் உரைத்தொகுப்பிகளில் உண்டு. விம் தொகுப்பியின் சொல்நிறைவுக் கட்டளைகளுள் ஒன்று, எழுதுமிடத்திலிருந்து பின்னோக்கிச் சென்று அருகிலுள்ள பொருத்தத்தை முதலில் தரும். விசுவல் ஸ்டூடியோ கோடிலும் அருகிலுள்ள சொல்லுக்குக் கூடுதல் மதிப்பளிக்கும் விருப்ப அமைப்பு இருக்கிறது. ஊர்ப்பெயருக்கு இதுவே சிறந்தது. மனு ஒன்றின் முதற்பத்தியில் கீழ்ப்பென்னாத்தூர் என்றிருந்தால் இறுதிவரை அதுவே வர வேண்டும். உறழ்ச்சி மொழிக்கு உரியது, ஒரே ஆவணத்துக்குள் அதற்கு இடமில்லை. ஆனால் முதல்வரியில் நேர்ந்த பிழையையும் இம்முறை அதே உண்மையோடு கடைசி வரி வரை கொண்டு செல்லும். எனவே தட்டச்சர் முன் இருக்கும் பத்திரத்தின் அல்லது பட்டாவின் எழுத்தே முதல் வரியை ஆள வேண்டும். ன, ண வேறுபட்ட இரு வடிவங்களும் கிடைக்கும்போது, ஒன்றை முதலிடத்தில் வைத்து மற்றதை மறைப்பதைவிட, இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டி எழுதுபவரை நிறுத்துவது மேல். ஒரு நொடி தாமதம் இங்கே நன்மை.

பரிந்துரைகளின் தரத்தை மிச்சமான விசைத்தட்டல்களால் அளப்பது வழக்கம். இவ்வளவையில் ‘என்று’ என்பதும் ஓர் ஊரின் பெயரும் ஒரே எடை பெறுகின்றன. ‘என்று’ தவறினால் அழித்து எழுதலாம். மனுவிலுள்ள ஊர்ப்பெயர் பத்திரத்தோடு ஒவ்வாவிடின் மனுதாரர் மீண்டும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க நேரலாம். அந்த நடையை எந்த அளவையும் கணக்கில் கொள்வதில்லை.

ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் பெறுவோர்க்குச் சிக்கல் இன்னும் ஒருபடி கூடுகிறது. தொகுதிப்பெயரின் ஆங்கில வடிவத்தில் ழகரத்துக்குத் தனி அடையாளம் இல்லை, நெடிலுக்கும் இல்லை. ஆகவே கில், கீல், கிள், கீழ் ஆகிய நான்கும் முதலசைக்குப் போட்டியிடுகின்றன. அவற்றுள் கீழ் என்பதைத் தேர நிரலுக்கு ஒலி உதவாது, ஊரறிவே உதவும். 2020 சூனில் தமிழ்நாட்டரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துமுறையைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணையை வெளியிட்டு, சில நாள்களில் திரும்பப் பெற்றது. அன்று எழுந்த விவாதம் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளைப் பற்றியே அமைந்தது. தமிழிலேயே நான்காக நிற்கும் பெயர்களுக்கு, விகற்பங்களை வகை பிரித்துக் குறித்த ஊர்ப்பெயர்ப் பட்டியல் ஒன்று பொதுவில் கிடைக்குமானால், வரிசைப்படுத்தும் நிரல்கள் எண்ணிக்கைக்கு முன்னே அதனை நோக்க முடியும்.