வளையத்தின் நேர்த்தி
லங்கா கவர்ன்மன்ட் கிளவுட் அரச நிறுவனங்களுக்கு மெய்நிகர் கணினிகளை, அதாவது ஒரே சேவையகத்தின் வளங்களைப் பங்கிட்டு மென்பொருளால் உருவாக்கப்படும் கணினிகளை, வழங்குவதால், மொனராகலை போன்ற தொலைமாவட்ட அலுவலகமும் தனக்கெனச் சேவையகம் வாங்காமலே பணியாற்ற வழி பிறக்கிறது. இத்தகைய கணினிக்கு வலையட்டையும் வட்டும் அளிக்கும் கலையில் மிக அழகானது, அவுஸ்திரேலியரான ரஸ்டி ரஸல் 2008இல் விவரித்த வேர்ட்டயோ முறையே எனலாம். முந்தைய முறைகள் பல உண்மையான அட்டையொன்றின் பதிவகங்களைப் பாவனை செய்து, அவற்றைத் தொடும்போதெல்லாம் மெய்நிகர் கணினியின் ஓட்டத்தை இடைநிறுத்தின. இதுவோ, அக்கணினியும் அதனைத் தாங்கும் சேவையகமும் நினைவகப் பகுதியொன்றை வளையமாகப் பகிர்ந்துகொள்ள, தரவு இருக்கும் முகவரியையும் அதன் நீளத்தையும் மட்டும் அதில் எழுதி, பல கோரிக்கைகளுக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பை அனுப்ப இடமளிக்கிறது. தான் மெய்நிகர்ச் சாதனமே என்பதை மறைக்காமல் இயக்கிக்குத் தெரிவிக்கும் அந்த நேர்மையிலிருந்தே அதன் வேகம் வருகிறது; கூகுள் கிளவுடும் அலிபாபா கிளவுடும் இந்த இடைமுகத்தைப் பயன்படுத்துவதால், லினக்ஸின் அதே இயக்கி இரண்டிலும் இயங்குகிறது.