'எனக்கு வேணும்'

முத்துக்குளித்துறைப் பரதவர் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றது 1530-களில். அவர்தம் மொழியிலே மறையுரைக்கச் சவேரியார் வந்ததோ 1542-இல். நீர் முந்திற்று, சொல் பிந்திற்று! விசுவாசப் பிரமாணத்தைத் தமிழாக்கியவிடத்து, நம்புதலைக் குறிக்க 'எனக்கு வேணும்' என்று வைத்துவிட்டனர். 1544-இல் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியாரே அதனைத் திருத்தி 'விசுவாசம்' என்னச் சொன்னார். இது கண்டு நகைப்பார் உளர். ஆங்கிலப் பள்ளியிற் பயின்று தோட்டத்துத் தமிழரோடு பேசிப் பிழைக்கும் நாம் நகையோம். கடலிற் பாதுகாப்பு வேண்டிப் போர்த்துக்கேசியரை அடுத்த மக்களுக்கு அப்பிழைச் சொல்லே அன்று மெய்ச்சொல்லாயிருந்ததன்றோ?

அண்டிரிக்குப் பாதிரியாரோ தமிழை ஊன்றிக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான அவரது 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்', சைவர் சிவனுக்கு வழங்கிய சொல்லையே தலைப்பிற் சூடிற்று. இத்துணிவை நாம் பெரிதும் மெச்சுகிறோம்; ஆயினும் உள்ளே போர்த்துக்கேசியச் சமயச்சொற்கள் சில மொழிபெயராமலே நிற்கின்றன.