பக்கத்து மனைக்காரர் சொன்ன ஆழம்

அடுக்குமாடிக் குடியிருப்புகளை விட்டுவிட்டால், தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டைப் பெரும்பாலும் அந்தக் குடும்பமே முன்னின்று கட்டுகிறது. மனை வாங்கி, மேஸ்திரியிடம் லேபர் காண்ட்ராக்ட் பேசி, சிமெண்டையும் கம்பியையும் எம்-சாண்டையும் தாங்களே இறக்கி, மாதக்கணக்கில் வெயிலில் நின்று முடிக்கிறார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்யும் வேலை. அதில் கற்றுக்கொண்டதை மறுபடி பயன்படுத்திப் பார்க்கும் வாய்ப்பு அநேகமாக யாருக்கும் வருவதில்லை. அதனால் கற்றது அப்படியே அடுத்தவரிடம் போய்ச் சேர்கிறது. கிரகப்பிரவேசம் முடித்தவர் வானம் தோண்டப் போகிறவருக்குச் சொல்கிறார். அவர் இன்னொருவருக்குச் சொல்கிறார். கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் தாராளமாகக் கிடைக்கும் இந்த ஆலோசனையை நான் மதிக்கிறேன். அதன் ஒரு பகுதியைக் கண்டு அஞ்சவும் செய்கிறேன்.

மதிப்பதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் படித்த பொறியாளர்களில் சிலர், வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதையெல்லாம் ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறார்கள். வரைபடத்தில் எங்கேயும் இல்லாத பெரிய அறிவு வீடு கட்டி முடித்தவரிடம் இருக்கிறது. பூச்சு வேலை தொடங்குவதற்கு முன், சுவருக்குள் ஓடும் மின்குழாய்களையும் தண்ணீர்க் குழாய்களையும் அளவுநாடாவோடு சேர்த்து ஒவ்வொரு சுவராகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கழிவறையின் இறக்கிப் போட்ட தளத்தை மூடுவதற்கு முன் சில நாள் தண்ணீர் தேக்கி வைத்து, கீழே ஈரம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். கூலியை வாரக் கணக்கில் கொடுத்தால் பணம் வேலைக்கு முன்னால் ஓடிவிடும், மேஸ்திரியின் ஆட்கள் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே பேஸ்மென்ட், லிண்டல், தளம், பூச்சு என்று வேலை ஏற ஏறப் பணம் கொடு என்பார்கள். "கவர் பிளாக் முதல் நாளே சைட்டுல இருக்கணும் சார், கான்கிரீட் அன்னைக்குக் காலையில தேடினா ஜல்லித் துண்டைத்தான் கம்பிக்கு அடியில வைப்பாங்க." இதைச் சொல்ல ஒருவர் அந்தக் காலைநேரப் பரபரப்பில் நின்றிருக்க வேண்டும்.

சமையல் மேடையின் உயரம் இன்னொரு உதாரணம். கொத்தனார் தன் வழக்கப்படி ஓர் அளவைச் சுவரில் கோடு போட்டுவிடுவார். அந்த மேடையில் தினமும் நிற்கப் போகிறவர் அந்த நேரத்தில் சைட்டில் இருக்க மாட்டார். உயரமான பெண் குனிந்தே சமைக்கிறார், குள்ளமானவர் தோளைத் தூக்கியே தோசை வார்க்கிறார். "நின்னு பார்த்து நீங்களே குறிங்க அக்கா" என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொல்லும் வார்த்தையால் முப்பது வருட முதுகுவலி நீங்குகிறது. இந்த அறிவு பெரும்பாலும் பெண்களிடம் இருப்பதாலும், காண்ட்ராக்ட் பேச்சு ஆண்களிடையே நடப்பதாலும், அது சேர வேண்டிய இடத்தை அடைவது குறைவு.

இவற்றைவிடப் பெரிய பயன், வீட்டுக்காரருக்குக் கேள்வி கேட்கும் தைரியம் வருவது. கான்கிரீட் பற்றிய இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456, எம்20 கலவையை அளவுக் கணக்கில் போடும்போது 50 கிலோ மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர் என்கிறது. சைட்டில் கலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் கண் அளவில்தான் வாளியைக் கவிழ்ப்பார். தண்ணீர் கூடினால் கலவை எளிதாக ஓடும், வேலை சீக்கிரம் முடியும். கூடின தண்ணீர் பின்னால் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்லும், பலம் குறையும். இந்த ஒரே விஷயத்தை இன்னொரு வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வாளியில் கோடு போட்டுப் பக்கத்தில் நின்றவரின் தளம் பலமாகவே அமையும்.

அச்சம் எங்கே தொடங்குகிறது என்றால், மண்ணில். "எங்க வீட்டுக்கு அஞ்சடிதான் தோண்டினோம், கல்லு மாதிரி நிக்குது" என்பது வீடு கட்டுபவர்களிடையே நடமாடும் வாக்கியங்களிலேயே அதிகச் சேதம் செய்யக் கூடியது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் மனை கெட்டிச் செம்மண்ணாக இருந்திருக்கும். அதே ஐந்தடியைக் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் தோண்டினால் கதை வேறு. கரிசல் மழையில் ஊறிப் பருக்கும், கோடையில் சுருங்கி வெடிக்கும். வருடத்துக்கு வருடம் இந்த மூச்சு நடப்பது மேல்மண்ணின் சில மீட்டருக்குள். அடித்தளம் அந்த அடுக்குக்குள் நின்றால் சுவர் ஆண்டுதோறும் தூக்கி இறக்கப்படும். கதவு நிலையின் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். இதற்காகவே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் போல அகன்ற பைல் முறையை உருவாக்கியது. ஆழமான கரிசலில் அந்தப் பைல் தரைமட்டத்திலிருந்து குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும் என்கிறது தர நிர்ணயம். அதாவது பதினோரு அடிக்கு மேல். ஐந்தடிக்கும் பதினோரு அடிக்கும் நடுவில் இருப்பது மண்ணின் குணம் ஒன்றுதான், ஆலோசனையில் விட்டுப்போவதும் அதுதான். ஒரே தெருவில்கூட இது மாறும். மூன்றாவது மனை பழைய குட்டையைத் தூர்த்த இடமாக இருக்கலாம். முதல் மனைக்காரருக்கு அது தெரிந்திருக்கக் காரணமில்லை.

மண்ணைவிடவும் ஆழமான சிக்கல் காலம். ஆலோசனை அதிகம் பிறப்பது கிரகப்பிரவேசம் முடிந்த முதல் ஓரிரு ஆண்டுகளில். அப்போதுதான் நினைவு பசுமையாக இருக்கும், விலைகள் நாக்கு நுனியில் இருக்கும், பெருமிதமும் இருக்கும். வீட்டின் நடத்தையைப் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்திருப்பதும் அப்போதுதான். கலவையில் உப்புத் தண்ணீர் சேர்ந்ததா என்பதைப் புது வீடு காட்டாது. இரும்புக் கம்பி போடும் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. கடலோர ஊர்களில் பல போர் தண்ணீர் இதைத் தாண்டும். சிமெண்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு காப்பை உண்டாக்குகிறது. குளோரைடு அதை உடைக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டையே பிளந்து தள்ளும். இதெல்லாம் நடக்கப் பல ஆண்டுகள் ஆகும். "போர் தண்ணியிலேயே எல்லாம் முடிச்சோம், ஒண்ணும் ஆகலை" என்று இரண்டாம் ஆண்டில் சொன்னவர், பன்னிரண்டாம் ஆண்டில் கூரையிலிருந்து சிம்பு உதிரும்போது, தன்னிடம் கேட்டுப்போனவர்களைத் தேடிச்சென்று திருத்திச் சொல்வதில்லை. அதற்குள் அவர் சொன்னதை நம்பி எத்தனை பேர் கட்டி முடித்திருப்பார்கள்!

பால்கனியிலும் இதே கதை. நான்கு பக்கமும் சுவரில் உட்கார்ந்த அறைத் தளத்துக்கு முதன்மைக் கம்பி அடியில் இருக்க வேண்டும். வெளியே நீட்டிய பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் அது மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே இழுவிசை மேற்பரப்பில். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அந்த மேல்கம்பி கீழே அமுங்கிவிடுவது அன்றாடம் நடக்கும் தவறு. சென்ட்ரிங் பிரித்த பிறகும் பால்கனி நிற்கும். நிற்பதைச் சாட்சியாக வைத்து "எட்டு எம்எம் போதும், எங்க வீட்டைப் பாருங்க" என்று சொல்லும்போது, கம்பி எந்த உயரத்தில் கிடக்கிறது என்பதைச் சொல்பவரும் பார்த்ததில்லை, கேட்பவராலும் பார்க்க முடியாது.

காரணத்தை உதறிவிட்டு எண் மட்டும் பயணம் செய்வது இந்தப் பழக்கத்தின் நிரந்தர நோய். "ஏழு நாள் தண்ணி விட்டாப் போதும்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு (ஓபிசி) அது சரியான குறைந்தபட்சம். இன்று வீட்டு வேலைக்கு அதிகம் இறங்குவது சாம்பல் கலந்த பிபிசி. அதற்குக் குறைந்தது 10 நாள், 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்கிறது ஐஎஸ் 456. வெப்பமான வறண்ட சூழலில் எந்தச் சிமெண்டாக இருந்தாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது; சித்திரை வெயிலில் கட்டுகிற நமக்கு இது விதிவிலக்கே இல்லை, வழக்கம். மூட்டைக்குள் இருப்பது மாறிவிட்டது. வாயில் இருக்கும் எண் மாறவில்லை.

பிபிசி மெதுவாக இறுகுவதைக் கண்டவர்கள் அதற்கு ஒரு கெட்ட பெயரும் கொடுத்திருக்கிறார்கள்: "கான்கிரீட்டுக்கு ஓபிசி 53தான், பிபிசி பூச்சுக்கு." தொடக்க வேகத்தைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு இது. ஒழுங்காகத் தண்ணீர் விட்டு வளர்த்த பிபிசி கான்கிரீட் பின்னாளில் இறுக்கமாகி, குளோரைடு உள்ளே நுழைவதை நன்றாகத் தடுக்கும். கடலோரத்தில் கட்டுபவருக்கு அதுதான் வேண்டும். அவருக்கும் இந்த ஓபிசி அறிவுரையே கிடைக்கிறது.

மனையடி அளவுகளைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. 10, 11 அடி நல்லது, 12 முதல் 15 வரை ஆகாது, 16 நல்லது என்ற கணக்கு எத்தனையோ வீடுகளின் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது. 12 அடி இருந்தால் கட்டிலும் அலமாரியும் வைத்து ஆள் நடக்க இடமிருக்கும் அறை, 11-க்குச் சுருங்குகிறது. நம்பிக்கை அவரவர் உரிமை, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆலோசனையாக வரும்போது இது பெரும்பாலும் அச்சத்தோடு சேர்ந்து வருகிறது: இன்னார் வீட்டில் இப்படி வைத்தார்கள், அப்புறம் இது நடந்தது என்று. அச்சத்தோடு வரும் எண்ணை யாரும் எடைபோடுவதில்லை. அது செலவுக் கணக்கையும் காற்றோட்டத்தையும் தாண்டிப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நல்ல ஆலோசனைகூடப் பயணத்தில் எப்படித் தேய்கிறது என்பதற்கு லாரி பேக்கரின் எலிப்பொறிக் கட்டு ஒரு பாடம். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த பேக்கர், செலவைக் குறைத்துக் கட்டுவது பற்றிச் சாதாரண மக்களுக்காகச் சிறு நூல்கள் எழுதினார். படங்களைத் தானே வரைந்தார், ஒவ்வொன்றுக்கும் ஏன் என்பதையும் சேர்த்தே சொன்னார். செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் அந்த முறையில் செங்கல் சுமார் நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும், சுவருக்குள் சூடும் குறைவாக இறங்கும். தமிழ்நாட்டு வீட்டுக்காரர்களிடையே அது "25 சதவீதம் மிச்சம்" என்று சுருங்கி வந்து சேர்ந்தது. கல் ஒரே அளவாக இருக்க வேண்டும், கொத்தனாருக்குப் பழக்கம் வேண்டும், மின்குழாய் எங்கே ஓடும் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும் என்ற மூன்றும் வழியில் உதிர்ந்துவிட்டன. கோணல்மாணலான சூளைக் கல்லில் கட்டினால் கல்லில் மிச்சப்படுத்தியதைக் கலவை தின்றுவிடும். பிறகு பழி முறையின் மேல் விழுகிறது.

சொல்பவரின் மனநிலையையும் பார்க்க வேண்டும். ஆயுள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டுக் கட்டிய ஒருவரிடம் "அந்தக் கல் எப்படி?" என்று கேட்டால், அது சரியில்லை என்ற பதில் அவருக்கே வலிக்கும். ஆகவே நன்றாக இருக்கிறது என்கிறார். பாதியில் நின்ற வீட்டுக்காரரும் காண்ட்ராக்டரிடம் ஏமாந்தவரும் பேச முன்வருவதே இல்லை. நமக்குக் கிடைக்கும் அனுபவங்கள், முடித்தவர்களின் அனுபவங்களாகவே வடிகட்டி வருகின்றன.

இதில் உச்சம், கம்பி விவரத்தோடு சேர்த்து வரைபடத்தையே கைமாற்றுவது. "என் பிளான் தரேன், அதே அளவு மனைதானே, இன்ஜினியருக்கு ஏன் தண்டம்?" 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று அடிப்படையில் இணையவழியில் உடனே அனுமதி கிடைக்கிறது. அலுவலகங்களுக்கு நடையாய் நடந்தவர்களுக்கு இது உண்மையான நிம்மதி. அதேநேரம், கட்டுமுன் இன்னொரு கண் தாளைப் பார்க்கும் வாய்ப்பும் குறைகிறது. எனவே பக்கத்து மனைக்காரரின் சொல்லுக்கு முன்பைவிட எடை கூடுகிறது. அந்தச் சொல்லைத் தரமாக்கும் பொறுப்பும் சொல்பவர்களிடமே வந்து சேர்கிறது.

செய்ய வேண்டியது கடினமானதில்லை. ஆழமோ கம்பியோ கலவையோ, எதைச் சொன்னாலும் கூடவே என்ன மண், எந்தத் தண்ணீர், தூணுக்குத் தூண் எத்தனை அடி, குடிவந்து எத்தனை ஆண்டு என்ற நான்கையும் சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால் கேட்கலாம். மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் மறையும் எதற்கும் மண் பரிசோதனையும் அந்த மனைக்கென்றே கணக்குப் போட்ட பொறியாளரும்தான் துணை. குழாய், மேடை, கூலி, வேலை வரிசை ஆகியவற்றில் வீட்டுக்காரர்கள்தான் சிறந்த ஆசிரியர்கள்.

புதிதாகக் கட்டப்போகிறவர்கள் பார்க்கப் போகும் வீட்டையும் மாற்ற வேண்டும். வண்ணம் காயாத வீட்டை விட்டுவிட்டு, பத்து வருடம் ஆன வீட்டுக்கு ஐப்பசி மழை விட்ட வாரத்தில் போக வேண்டும். சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும், மொட்டைமாடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும், கழிவறைக்குக் கீழுள்ள அறையில் சமைப்பவரிடமோ படுப்பவரிடமோ பேச வேண்டும். முடிந்தால் அது நீங்கள் பேசப்போகும் மேஸ்திரி கட்டிய வீடாக இருக்கட்டும், அவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய பிறகு தன் வேலை என்ன ஆனது என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை. காண்ட்ராக்ட் பேசி முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்தப் பால்கனிக்கு அடியில் நின்று இருவரும் பேச நிறைய இருக்கும்.