முகாமில் யார் தன்னார்வலர்?

வளரிளம் பெண்களுக்கான முகாம் ஒன்றின் செலவுக் கணக்கு கைக்குக் கிடைத்தால், சமையல் எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். பேனர், டி-சர்ட், தொப்பி, நினைவுப் பரிசு, வேன் வாடகை, புகைப்படக்காரர் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி இருக்கும். மளிகைக்கும் ஒரு வரி இருக்கும். சமைத்தவர்களின் கூலி மட்டும் ‘இதர செலவுகள்’ என்பதற்குள் போயிருக்கும். சில கணக்குகளில் அதுவும் இருக்காது. ‘உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுவின் பங்களிப்பு’ என்று நன்றியுரையில் வந்து போகும். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டி, நூறு பேருக்கு மேல் இட்லி ஊற்றி, இரவுப் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும்போது பத்து மணி தாண்டிவிடும் அந்தப் பெண்களைத் தன்னார்வலர் என்று யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஏசி பேருந்தில் வந்திறங்கி நான்கு மணிக்குத் திரும்பிப் போகிற நிறுவன ஊழியர்களே தன்னார்வலர்கள். அவர்களுடைய டி-சர்ட்டின் முதுகில் அந்தச் சொல் அச்சாகியிருக்கும்.

கருத்தாளராகப் பல முகாம்களுக்குப் போய்வந்தவள் நான். முகாம்களே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. வயதுக்கு வந்த பெண்பிள்ளை வீட்டுக்கு வெளியே ஓர் இரவு தங்க நம் ஊர்களில் எத்தனை காரணங்கள் செல்லுபடியாகும்? சொந்தத்தில் கல்யாணம், குலதெய்வக் கும்பிடு, ஆஸ்பத்திரி. அந்தச் சின்னப் பட்டியலில் ‘ஸ்கூல்ல கேம்ப்பு’ என்பதும் சேர்ந்திருக்கிறது என்றால், ஆசிரியைகள் வீடு வீடாகத் திண்ணையில் உட்கார்ந்து பேசியதால்தான் சேர்ந்தது. ‘நான் கூடவே இருப்பேன்ணா, என் பொண்ணு மாதிரி பாத்துக்குவேன்’ என்று ஒரு டீச்சர் கொடுக்கும் வாக்கின் பேரில்தான் அப்பாக்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். நிறுவனத்தின் பெயரைப் பார்த்து யாரும் பிள்ளையை அனுப்புவதில்லை. அப்படிக் கிடைத்த இரண்டு மூன்று நாள்களை யார் எதைக்கொண்டு நிரப்புகிறார்கள் என்பதே என் கேள்வி.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் ரகசியம் ஏதும் இல்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்று நாம் சொல்வது இதைத்தான். சட்டம் விதித்த கடமை இது. பள்ளி மேடைகளிலோ இன்னமும் தர்மமாகவே பேசப்படுகிறது. தலைமையாசிரியை கைகூப்புகிறார், பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்று ரோஜாப்பூ கொடுக்கிறார்கள், வரவேற்பு நடனம் ஆடுகிறார்கள். அந்த நடனத்துக்காக இரண்டு வாரம் பாடவேளை போயிருக்கும்.

இதே சட்டத்தின் விதிகள் வேறு சிலவற்றையும் சொல்கின்றன. தன் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பரப் பலன் தேடி ஒரு நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் காரியம் சமூகப் பொறுப்பில் சேராது என்கிறது 2021 திருத்தம். மாரத்தான், விருது விழா போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகள் கணக்கில் வராது என்று 2014 ஜூனிலேயே அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பியது. ஊழியர்கள் இலவசமாகத் தரும் உழைப்பைப் பணமாக மதிப்பிட்டுச் செலவில் காட்டக் கூடாது என்றும் பின்னர் விளக்கம் தந்தது. இவற்றை மனதில் வைத்துக்கொண்டு, நாப்கின் விற்கும் நிறுவனம் ஒன்றின் பணத்தில் நடக்கும் மாதவிடாய் விழிப்புணர்வு முகாமுக்குள் போய்ப் பாருங்கள். பேனரின் நிறம் பாக்கெட்டின் நிறம். பையில் இருப்பது அந்தப் பாக்கெட். செய்முறை விளக்கத்தில் காட்டப்படுவதும் அதே பாக்கெட். துணியைப் பற்றி, கப்பைப் பற்றி, பயன்படுத்திய நாப்கினை எங்கே போடுவது என்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘அதுக்கு இன்னொரு செஷன் இருக்கு’ என்பார்கள். அந்த இன்னொரு செஷனை நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டு அரசு ‘புது யுகம்’ திட்டத்தின்கீழ் 2012 முதலே 10 முதல் 19 வயதுவரையுள்ள கிராமப்புறப் பெண்பிள்ளைகளுக்கு நாப்கின் இலவசமாகத் தந்துவருகிறது. பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராததும், தாழ்ப்பாள் இல்லாததும், குப்பையை அள்ள ஆள் இல்லாததும்தான் பிள்ளைகள் சொல்லும் குறைகள். அவற்றில் பிராண்டு ஒட்ட இடம் குறைவு.

சிவப்பழகு கிரீம் விற்ற கதை இதைவிடப் பழையது. கறுப்பாயிருந்தால் வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது என்று பல பத்தாண்டுகள் விளம்பரம் செய்த ஃபேர் அண்டு லவ்லியின் பெயரில்தான் 2003இல் பெண்களுக்குக் கல்வி உதவித்தொகை தரும் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. 2020இல் கிரீமின் பெயர் க்ளோ அண்டு லவ்லி என்று மாறியது. உதவித்தொகை பெற்றுப் படித்த பெண்களுக்கு அந்தப் பணம் உண்மையாகவே உதவியிருக்கும். அதை நான் மறுக்கவில்லை. தன்னம்பிக்கையைக் குறைத்து விற்றவரே தன்னம்பிக்கை வகுப்புக்கும் பணம் தருகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

முகாம்களின் பாடத்திட்டமும் ஏறக்குறைய இதுதான். தன்னம்பிக்கை, நேர மேலாண்மை, இலக்கு நிர்ணயம், ‘முடியாது என்று சொல்லப் பழகு’. எல்லாமே அவள் தன்னைத்தானே சரிசெய்துகொள்வதற்கான வழிகள். பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டி வைப்பார்கள். அதைத் திறந்தால் வேறொரு பாடத்திட்டம் கிடைக்கும். தாய்மாமனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள், பன்னிரண்டாவது வரைக்குமாவது விடச் சொல்லி யாரிடம் கேட்பது? அக்காவுக்கு மில்லில் மூன்று மாதச் சம்பளம் பாக்கி, எங்கே எழுதிப் போட வேண்டும்? பஸ்ஸில் கண்டக்டரே உரசுகிறார், யாரிடம் சொன்னால் பஸ்ஸை நிறுத்தாமல் இருப்பார்கள்? சத்துணவுத் தட்டை ஏன் எங்களை மட்டும் தனியாகக் கழுவி வைக்கச் சொல்கிறார்கள்? ‘முடியாது’ என்று சொல்லப் பழகிய பிள்ளை இவற்றில் எதை யாரிடம் சொல்லும்? ஐந்து மணிநேரத்துக்கு வந்த தன்னார்வலருக்குப் பதில் தெரியாது என்பது அவர் குற்றமில்லை. பதில் தெரிந்த வட்டாரக் குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளரையோ, தொழிற்சங்கத்துப் பெண்ணையோ, வக்கீலையோ கூப்பிடாதது திட்டமிட்டவர்களின் தேர்வு. கலெக்டரையும் சின்னத்திரை நடிகையையும் கூப்பிட நேரமிருந்தது.

வந்திறங்கும் ஊழியர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களிலும் பெண்கள் நிறையப் பேர். வாரத்தில் கிடைக்கும் ஒரு விடுமுறையைக் கொடுத்து, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவர்கள் இருப்பார்கள். வராவிட்டால் மதிப்பீட்டில் ஒரு புள்ளி குறையும் என்று வெளிப்படையாகச் சொன்னவர்களும் உண்டு. ஆர்வம் மேலிருந்து வந்த உத்தரவு என்றால் அதற்குத் தன்னார்வம் என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

பெண்ணின் உழைப்பைக் கூலி என்று ஒப்புக்கொள்ளாமல் வாங்கிக்கொள்ள அரசும் இதே சொல்லைத்தான் கையாள்கிறது. 1975 முதல் இயங்கிவரும் அங்கன்வாடிகளின் ஊழியர்கள் ‘மதிப்பூதியம்’ பெறும் கௌரவப் பணியாளர்கள். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்ல 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் பெரும்பான்மை தன்னார்வலர்கள் பெண்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. படித்துவிட்டு வீட்டில் இருக்கும் மருமகளுக்கு அது வாசலைத் தாண்டும் உரிமையாக இருந்ததும் உண்மை. ஆக, தன்னார்வலர் என்ற பெயர் நிறுவன ஊழியருக்குக் கூடுதல் கௌரவம். அங்கன்வாடி அக்காவுக்குக் குறைந்த சம்பளம். சமையல்காரம்மாவுக்கு இரண்டும் இல்லை.

கல்லூரிகளில் என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போய்வந்த மாணவிகள் இதைப் படித்தால் ‘எங்கள் முகாம் வேறு’ என்பார்கள். ஓரளவு வேறுதான். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. ஏழு நாள் கிராமத்தில் தங்க வேண்டும், தங்குபவர்களே தொண்டர்கள். ஊர்க்காரர்களின் கண்முன் ஏழு நாள் இருப்பது, ஐந்து மணிநேரம் கையசைத்துவிட்டுப் போவதிலிருந்து வேறுபட்டது. ஆனால் இருபாலர் முகாம்களில் நான் பார்த்தவரை மூன்றாம் நாளுக்குள் பையன்கள் மண்வெட்டியோடு ரோட்டிலும் பெண்கள் கரண்டியோடு அடுப்படியிலும் இருக்கிறார்கள். யாரும் சொல்லிச் செய்வதில்லை, பழக்கம். சேரிக்குள் சர்வே எடுக்கப் போன மாணவிகள் அங்கே தண்ணீர் வாங்கிக் குடித்தார்களா என்று திட்ட அலுவலர்கள் கவனிப்பதும் அரிது.

இரவு விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி மாணவிகளைப் பள்ளியிலேயே தங்கவைத்தார்கள். அந்த முகாமுக்கும் என்.சி.சி. அமைப்புக்கும் தொடர்பே இல்லை என்பது பிறகு தெரிந்தது. பயிற்சியாளர் என்று வந்தவன் எட்டாம் வகுப்புச் சிறுமியைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாக வழக்கு. விஷயத்தை வெளியில் சொல்லாதே என்று பள்ளித் தரப்பே சொன்னதாகப் புகார் வந்தது. பள்ளி முதல்வரும் தாளாளரும் கைதானார்கள். அங்கே ஸ்பான்சர் யாரும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முகாமும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதில் இருக்கிறது: சீருடையோ டி-சர்ட்டோ போட்டு, ஒரு கடிதத்தோடு வாசலில் நிற்பவர் யாரென்று யார் சரிபார்த்தார்கள்?

போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது. மறைத்தால் 21ஆம் பிரிவின்படி தண்டனை. 2020இன் போக்சோ விதிகள், குழந்தைகளோடு பழகும் நிறுவனங்கள் தம் பணியாளர்களை, நிரந்தரமோ ஒப்பந்தமோ, காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. அங்கே பேசப்படுவது அந்தப் பள்ளியின், அந்த விடுதியின் பணியாளரைப் பற்றி. ஒருநாள் விருந்தாளியாக வரும் தன்னார்வலர் அந்த வரையறைக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறார். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 இதில் தெளிவாக இருக்கிறது: ஊதியமின்றித் தன்னார்வமாக வேலை செய்பவரும் அதன் வரையறையில் ஊழியரே. பிள்ளைகளுக்கான சட்டத்திலும் அந்தத் தெளிவு வர வேண்டும். அதுவரை நடைமுறையில் இரவுக் காவல் அந்த வாக்குக் கொடுத்த டீச்சர்தான். பாயை வாசற்படியில் குறுக்காகப் போட்டுப் படுப்பார். அவருக்கு மறுநாள் விடுப்பு கிடையாது.

முகாம் என்ற சொல்லுக்குக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் இன்னோர் அர்த்தமும் உண்டு. நூற்பாலை விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்பிள்ளைகளை ‘கேம்ப் கூலி’ என்பார்கள். சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயர் வைத்து, மூன்று வருடம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டி அழைத்துப்போனார்கள். 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ அமைப்பின் அறிக்கை அதை வெளிநாட்டு பிராண்டுகளின் வாசல்வரை கொண்டுபோனது. பிறகு அந்த விடுதிகளுக்குள்ளும் சுகாதாரம், ஊட்டச்சத்து, சேமிப்பு என்று பயிற்சிகள் வந்தன. பள்ளி முகாமில் கைதட்டிய அதே பிள்ளை, இரண்டு வருடம் கழித்து, அதே பாடத்தை மில் விடுதியில் கேட்டிருக்கவும் கூடும்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அதன் பிறகு பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் பெற்றது. ஈஸ்ட்மேன் நிறுவனமும் எச் அண்டு எம் நிறுவனமும் அதில் கட்டுப்பட்டன. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி தந்ததில் சங்கத்துக்குப் பங்கு இருந்தது. அங்கும் வட்டமாக உட்கார்ந்துதான் பேசினார்கள், சார்ட் பேப்பரில்தான் எழுதினார்கள். தொல்லை கொடுப்பவன்மேல் புகார் போனால் ஆலை நடவடிக்கை எடுத்தாக வேண்டும், எடுக்காவிட்டால் பிராண்டின் ஆர்டருக்கே ஆபத்து என்பது அந்தப் பயிற்சிக்குப் பின்னால் இருந்த பலம். சனிக்கிழமை முகாமின் ‘முடியாது என்று சொல்லப் பழகு’ வகுப்புக்குப் பின்னால் அப்படி என்ன இருக்கிறது?

இப்போதெல்லாம் அழைப்பு வந்தால் போவதற்கு முன்னால் ஒருங்கிணைப்பாளரிடம் சிலவற்றை எழுத்தில் கேட்கிறேன். வருபவர்களின் பெயர்ப்பட்டியல் பள்ளியிடம் இருக்கிறதா. இரவில் பிள்ளைகளோடு தங்கும் பெண்கள் எத்தனை பேர், அவர்களுக்கு மறுநாள் ஓய்வு உண்டா. கேள்விப் பெட்டியைத் திறக்கும்போது பதில் சொல்லத் தெரிந்தவர் யார் இருப்பார். பிள்ளைகளின் படத்தை எங்கெல்லாம் போடப் போகிறார்கள், அதைப் பிள்ளைகளிடம் கேட்டார்களா. 1098, 181 இரண்டு எண்களும் கழிப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் ஒட்டினால் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். சமையல் செய்பவர்களுக்கு நாள் கூலி எவ்வளவு, முகாம் முடிகிற அன்றே கையில் கொடுப்பார்களா, அல்லது பில் பாஸாகிற வரை காத்திருக்க வேண்டுமா. சிலர் எல்லாவற்றுக்கும் பதில் அனுப்பிவிட்டு, சமையல் கேள்விக்கு மட்டும் ‘அதை ஹெச்.எம். மேடம் பார்த்துக்குவாங்க’ என்று எழுதுகிறார்கள். நான் ஹெச்.எம். மேடத்துக்குப் போன் போடுகிறேன்.