பொம்பிடு மையம்: 48 மீட்டர் எதற்காக?

1977இல் பாரிஸில் பொம்பிடு மையம் திறக்கப்பட்டபோது, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை என்று பலர் ஏசினார்கள். அந்த ஏச்சு வெளியே தெரியும் வண்ணக் குழாய்களைப் பார்த்து எழுந்தது. கட்டடத்தை எடைபோட விரும்புகிறவர் அதன் எஃகுச் சட்டகத்தைப் பார்க்க வேண்டும்.

அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர்கள் ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ராஜர்ஸும் நடுவில் ஒரு தூண்கூட இல்லாத தளங்களைக் கேட்டார்கள். தூணுக்குத் தூண் 48 மீட்டர். ஓவ் அரூப் நிறுவனத்தின் பொறியாளர் பீட்டர் ரைஸும் குழுவினரும் தந்த விடை, கெர்பரெட் என்னும் வார்ப்பெஃகுக் கை. ஒவ்வொன்றும் சுமார் 10 டன். கிணற்று ஏற்றத்தின் துலாவைப் போல அது தூணின் மேல் அமர்ந்திருக்கிறது. உள்ளே 1.6 மீட்டர் நீளும் முனை ட்ரஸ் உத்திரத்தை ஏந்த, வெளியே 6 மீட்டர் நீளும் முனையை இழுகம்பி கீழ்நோக்கிப் பிடித்துக்கொள்கிறது. சுமை தூணின் நடு அச்சிலேயே இறங்குவதால் தூண் மெலிய முடிந்தது. இதற்கு விலையும் உண்டு: இழுகம்பியின் விசையும் சேர்வதால், உத்திரம் தருவதைவிடக் கால் பங்குக்குச் சற்று அதிகமாகத் தூண் சுமக்கிறது. ஆனால் வெளியே கிடைத்த அந்த 6 மீட்டரில்தான் எஸ்கலேட்டர் ஏறுகிறது. பாரிஸ் நகரம் பார்வைக்கு விரிகிறது. விசைக் கணக்கே மக்களுக்கு இடம் தந்த இத்தகைய கட்டடங்கள் அரிது.

முதலில் வார்த்த கைகள் சோதனையில் உடைந்தன. வெப்பப் பதனத்தைத் திருத்திய பிறகே தேறின. அந்தச் சோதனையைக் கைவிடாத கண்டிப்புக்கு என் முழு மதிப்பு உண்டு.

48 மீட்டரை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வளைவுத் திருப்புவிசை இடைவெளியின் வர்க்கத்தில் வளரும். நடுவே ஒரு தூண் வரிசை நின்றிருந்தால் அது நான்கில் ஒன்றாகக் குறைந்திருக்கும். 3 மீட்டரை நெருங்கும் ஆழமுள்ள உத்திரங்கள் தேவைப்பட்டிருக்காது. தளங்களை விருப்பப்படி மாற்றத்தான் தூண்கள் வேண்டாம் என்றார்கள்; ஆனால் ஏற்றி இறக்கக்கூடிய தளங்கள் என்ற முதல் கனவே கைவிடப்பட்டது. 1985இல் கட்டடக் கலைஞர் காய் அவுலென்டி மையத்தின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குள் சுவர்களை எழுப்பி அறைகளாக்கினார். ஓவியத்துக்குச் சுவர் வேண்டும்தானே! சட்டகத்தைத் தொடாமலே சுவரை எழுப்பலாம், இடிக்கலாம் என்ற வாதம் சரியே. அதற்கு 24 மீட்டர் போதும்.

2025இல் மையம் ஐந்தாண்டுப் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது. அதில் அடங்கிய கல்நார் அகற்றும் வேலைக்குச் சட்டகத்தைக் குறை சொல்வது நியாயமாகாது.

கெர்பரெட் முதல் தரமான பொறியியல். தூணற்ற தளம், பயன் மிஞ்சிய செலவு.