மணவறையும் மறைநூலும்

சீக்கியரின் திருமணமாகிய ஆனந்த் காரஜ் குருத்துவாராவுக்குப் புறம்பே நடைபெறலாமோ என்னும் வழக்கு நமக்கும் பாடமாகத் தக்கது. குரு கிரந்த சாகிபை விடுதிகளுக்கும் மணமாளிகைகளுக்கும் கொண்டு செல்லலாகாதென அகால் தக்த் 1998-இல் கட்டளையிட்டது. 2023-இல் கடற்கரை மணங்களையும் தடுத்தது. மணமக்கள் நான்கு முறை வலம் வருவது அத்திருநூலையே. அது விருந்தின் அலங்காரமாகிவிடலாகாது என்னும் கவலை நியாயமானதே.

ஆயினும், இடத்தை வரையறுப்பதனால் மட்டும் பயபக்தி பிறந்துவிடுமோ? நம்மிடையேயும் 1872-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், இங்கிலாந்து திருச்சபைக் குருமார் ஆலயத்திற்கு வெளியே மணம் நடத்துவதைத் தடுத்தது. ஐந்து மைலுக்குள் அத்தகைய ஆலயம் இல்லையெனில் விலக்களித்தது. விதிக்குள்ளேயே இரக்கத்திற்கும் இடமிருந்தது. சேத்தியாத்தோப்பைச் சுற்றிய சிற்றூர்களில், கட்டிடமில்லாச் சபையார் பந்தலில் மணம் நடத்துவதையும், ஆலயம் அருகிருக்க ஆடம்பரத்திற்காக மண்டபத்தை நாடுவதையும் ஒரே கோலால் அளக்கலாகாது.

கானாவூர்க் கலியாணம் எவ்விடத்தில் நடந்ததென யோவான் விவரிக்கவில்லை. இயேசு அழைக்கப்பட்டிருந்தார் என்பதையே குறிக்கிறார். ஆதலால் குருமாரும் பெற்றோரும் முதலாவது கேட்கவேண்டியது, "எங்கே?" என்பதன்று, "யார் முன்னிலையில்?" என்பதே. ஜெபிக்கும் சபை இல்லாவிடில், ஆலயமும் வெறும் மண்டபமே என்போம்.